பாதி விலைக்கு ஓர் அழுகை

முதலில் வந்தது ஒரு புகைப்படம். சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்த ஒரு துணி. கவுன் என்று சொல்லிக்கொள்ள அதில் கை நுழைக்க இரண்டு ஓட்டைகள் இருந்தன, அவ்வளவுதான். பிரில் வைத்துத் தைத்திருக்க வேண்டிய இடத்தில் பிரிலின் படத்தை அச்சடித்திருந்தார்கள். கீழே ஒரு வரி: "என் பொண்ணு பெட்டியத் திறந்து பாத்துட்டு அழுதா. நீங்க நல்லா இருங்க."

சின்னவள் அப்போது தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கும் அந்த நாட்களில் அவளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. சிறுமிகளுக்குக் கவுன் தைப்பாள். வெட்டி மிஞ்சிய துணியில் அதே கவுனை அச்சு அசலாகப் பொம்மைக்கும் தைத்துக் கொடுப்பாள். தன் பொம்மைக்கும் புதுசு வேண்டும் என்று மகள் அடம்பிடித்ததில் ஆரம்பித்த வேலை. படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ஒருவர் சொல்லி இன்னொருவர் வந்தார். வீட்டின் முன்னறை தையலறை ஆயிற்று. வாங்குகிறவர்கள் அவளைக் 'கவுன் அக்கா' என்பார்கள். பிறந்த வீட்டில் அவள் சின்னவள், அவளுக்கு மூத்தவள் பெரியவள். அந்தப் பெயரில் கூப்பிட அம்மா போன பிறகு ஆளில்லை.

படம் அனுப்பியவரின் பெயரை ஆர்டர்களில் தேடிப் பார்த்தாள். இல்லை. "உங்க பேர்ல எங்கிட்ட ஆர்டரே வரலைங்க. எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"இப்ப இப்படித்தான் பேசுவீங்க. வீடியோல மட்டும் அப்படி அழுதீங்க?" என்று பதில் வந்தது, கூடவே ஓர் இணைப்பும்.

திறந்து பார்த்தால் அவளுடைய முகம். கண்ணும் மூக்கும் சிவந்து, துப்பட்டா முனையால் துடைத்துக்கொண்டு, அவளே அழுதுகொண்டிருந்தாள்.

அந்த அழுகை பொய்யில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து அழுதது. அவள் கணவன் வயரிங் வேலை செய்கிறவன். ஏணி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முன்பணம் கட்டியவர்கள் பதறக்கூடாதே என்று அந்த நிலைமையிலும் போனை எடுத்துப் பேசினாள்: "அவருக்கு ஆபரேஷன். என்னால தைக்க முடியல. கொஞ்ச நாளைக்குக் கடை இருக்காது. பயப்படாதீங்க, எல்லாருக்கும் வரும்." சொன்னபடி எல்லோருக்கும் தைத்து அனுப்பினாள். கணவனும் எழுந்து நடந்தான். அந்த வீடியோவை அழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அதில் 'ஆபரேஷன்' இல்லை. 'கொஞ்ச நாளைக்கு' இல்லை. "என்னால தைக்க முடியல. கடை இருக்காது. பயப்படாதீங்க, எல்லாருக்கும் வரும்" என்று மட்டும் அவள் வாய் சொன்னது. பின்னணியில் யாரோ வயலின் வாசித்தார்கள். முகத்துக்குக் கீழே எழுத்துகள் ஓடின: கணவரின் மறைவுக்குப் பின் கடையை மூடுகிறேன். கையிருப்பு அனைத்தும் பாதி விலைக்கு. விடுமுறைக்குள் உங்கள் வீடு வந்து சேரும்.

அவளுடைய பக்கத்தின் பெயர் 'பாப்பாவும் பொம்மையும்'. அவர்களுடையது 'பாப்பாவும் பொம்மையும் ஒரிஜினல்'.

கணவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "நான் செத்து எவ்வளவு நாளாச்சாம்?" என்றான்.

"விளையாடாதீங்க."

"விளையாடலடி. ஆள் உயிரோட இருக்கறப்பவே பாதி விலைக்கு வித்துட்டானுங்களே."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவனுடன் முன்பு வேலை செய்த மேஸ்திரி ஒருவர் துக்கம் விசாரிக்க அவளைப் போனில் கூப்பிட்டார். அவள் கை மாவாக இருந்ததால் கணவன் எடுத்து "யாரு?" என்றான். மறுமுனையில் "ஐயோ" என்று ஒரு சத்தம், உடனே துண்டிப்பு. அதற்கு மட்டும் இருவரும் சிரித்தார்கள். அந்த விடுமுறையில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தை நடத்த இடம் கொடுத்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். "பரிசீலித்தோம். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. பரிசீலித்தது மனிதர்தானா என்பதே சந்தேகம். காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வீடியோவை முழுவதும் பார்த்தார்.

"பாவம்மா. உங்க புருஷன் எப்ப இறந்தாரு?"

"இறக்கல சார். இதோ நிக்கறாரே."

அதிகாரி கணவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உங்களுக்கு எவ்வளவு போச்சு?"

"எனக்குப் பணம் எதுவும் போகல சார். எம் பேரு போச்சு."

"பணம் போனவங்கதான்மா வந்து எழுதிக் கொடுக்கணும். பேருக்கெல்லாம் தனியா கோர்ட்டுக்குப் போகணும். அதுவும் அவன் எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுலயும் இதுல வாங்கியிருக்காங்க. வருமா வராதா?" என்று கேட்டார்.

"வரும் சார். ஆனா அது கவுனா இருக்காது."

வீட்டுக்கு வந்ததும் போனைத் தைக்கும் மேசைமேல் சாய்த்து வைத்து ஒரு வீடியோ எடுத்தாள். கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இவர் உயிரோடு இருக்கிறார், கடையும் இருக்கிறது, அந்தப் பக்கம் போலி என்றாள். ஏமாறாமல் இருக்கத் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஒரு கவுன் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசியுங்கள். பாதி விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது. பக்கம் எப்போது தொடங்கியது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. முகவரி இருக்கிறதா, போன் நம்பர் இருக்கிறதா, கூப்பிட்டால் ஆள் எடுக்கிறாரா என்று பாருங்கள். அழுகிறவர்களைப் பார்த்து அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். இதைச் சொல்லும்போது அவளுக்கே நாக்கு கூசியது.

கீழே வந்த கருத்துகளை அவள் படித்திருக்கக் கூடாது. படித்தாள். 'திருடியே திருட்டைப் பத்திப் பாடம் எடுக்குறா.' 'போன வாரம் புருஷன் செத்தான், இந்த வாரம் எழுந்து வந்துட்டான்.' 'பக்கத்துல இருக்கறவன் ரெண்டாவதா?' அவளைப் பின்தொடர்ந்தவர்களைவிட 'ஒரிஜினல்' பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் பல மடங்கு அதிகம். எது நிஜம் என்று கூட்டத்தை வைத்துத் தீர்மானித்தால், போலி அவள்தான்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முகவரியை எப்படியோ தேடிக் கண்டுபிடித்திருந்தாள். சண்டைக்கு வந்தவளைப் போல இல்லை. பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து நீட்டினாள். "வீட்டு வேலைக்குப் போறேங்க. இவ பொறந்ததுலருந்து கடையில புதுசா எதுவும் வாங்கினதில்ல. பாதி விலைன்னதும் வாங்கிட்டேன்" என்றாள்.

சின்னவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அந்தப் பெண் தலையாட்டினாள். புரிந்ததா, அலுத்துப் போனாளா தெரியவில்லை. சிறுமி மட்டும் மிஷினில் பாதி தைத்துக் கிடந்த மஞ்சள் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு மனம் கேட்கவில்லை. டேப்பை எடுத்துச் சிறுமிக்கு அளவு பார்த்தாள். கையிலிருந்த ஆர்டரை ஓரம் தள்ளிவிட்டு, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி, காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். பொம்மைக்கும்தான்.

அந்தப் பெண் நன்றி மறக்காதவள். மகளுக்கு மாட்டிப் படமெடுத்து, 'கவுன் அக்கா வேற ஒண்ணு தெச்சுக் குடுத்தாங்க, நல்ல மனசு' என்று போட்டாள். வினையே அதுதான். அடுத்த நாளிலிருந்து வாசலில் ஆட்கள். எங்களுக்கும் மாற்றிக் கொடு என்றார்கள். முடியாது, அது நான் விற்றதில்லை என்றாள்.

"நீ விக்கலன்னா அவளுக்கு மட்டும் ஏன் ஓசியில தெச்சுக் குடுத்த?" என்று ஒருவர் கேட்டார். கட்டம் போட்ட சட்டையும் கழுத்தில் அலுவலக அட்டையுமாக நன்றாகப் படித்த ஆள். "தப்பு பண்ணாதவங்க யாராவது சும்மா குடுப்பாங்களா?"

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கேஸ் ஜெயித்த வக்கீலைப் போல இருந்தது அவர் முகம். அன்றிலிருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் தைத்தாள். தைப்பதற்கும் அதிகம் மிச்சமில்லை. நிஜமாகவே ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

விடுமுறை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. இன்னொரு ஆள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் இருந்தாள். மணி நிற்கவில்லை. கதவைச் சங்கிலி மட்டும் மாட்டித் திறந்தாள்.

பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய பை.

அம்மாவின் சாவுக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் சின்னவள். பெரியவளுக்கு வேலை, மாமியார், இடமில்லாத வீடு, எல்லாமே நிஜமான காரணங்கள். ஆனால் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீ இன்னும் கொஞ்சம் ஒழுங்கா பாத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க" என்றாள் பெரியவள். அந்த ஒரு வாக்கியம். சின்னவள் அன்றோடு அக்காவை வெட்டிவிட்டாள்.

"உள்ள வரலாமா, இல்ல அதுக்கும் முன்பணம் கட்டணுமா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் சங்கிலியைக் கழற்றினாள். பெரியவள் உட்காரவில்லை. நேராக வெட்டும் மேசைக்குப் போய்ப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். எல்லாம் அதே துணி. சிவப்பில், நீலத்தில், சின்ன அளவில், பெரிய அளவில். மலைபோலக் குவிந்தது.

"எங்க ஆபீஸ்ல இருக்கற எல்லாரோட பிள்ளைங்களுக்கும் வாங்கினேன். 'என் தங்கச்சி கைவேலை, பிரிச்சுப் பாருங்க'ன்னு பெருமையா குடுத்தேன். என் முன்னாடியே பிரிச்சாங்க." குவியலிலிருந்து ஒன்றை எடுத்து உதறினாள். "என்மேல கோவம்னா என்னைத் திட்டிட்டுப் போயேன்டி. தேடிப் பிடிச்சுக் கந்தல அனுப்பணுமா?"

"அக்கா, அது நான் இல்ல."

"உன் மொகம். உன் குரலு."

"என்னோடதுதான். திருடிட்டாங்க."

சின்னவள் சொல்லத் தொடங்கியபோதே உள்ளறைக் கதவு திறந்தது. கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "யாரு வந்திருக்காங்க?" என்றவன் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றான்.

பெரியவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். "மாப்பிள்ளை... நீங்க..." என்றாள்.

அந்த நொடியில்தான் சின்னவளுக்குப் புரிந்தது.

"அப்போ நீ நம்பியிருக்க. எம் புருஷன் செத்துட்டான்னு படிச்சு, நம்பியிருக்க." அவள் மெதுவாகத்தான் பேசினாள். "நம்பிட்டு எனக்கு ஒரு போன் பண்ணத் தோணல. பாதி விலைக்குக் கவுன் வாங்கத் தோணுச்சு."

"பண்ணினேன்டி!" பெரியவள் கத்தினாள். "எத்தனை தடவ பண்ணினேன் தெரியுமா? போகவே இல்ல. என் நம்பர நீ பிளாக் பண்ணி வெச்சிருக்க!"

கணவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினான். ஆமாம், வைத்திருந்தாள். வைத்ததை மறந்தும் போயிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் அழுது சொல்லியிருக்கா, எனக்கு மட்டும் சொல்லலன்னு நெனச்சேன். தங்கச்சி புருஷன் சாவ நான் போன்ல வீடியோ பாத்துத் தெரிஞ்சுக்கறேன்னு ராத்திரியெல்லாம் அழுதேன்" என்றாள் பெரியவள். "அந்தக் கோவத்துலயும் வாங்கினேன். நான் குடுத்தா நீ வாங்க மாட்ட. கவுன் வாங்கினா என் காசு உன் கைக்கு வரும்ல. அதுக்குத்தான் அத்தனையும்."

அப்போதே சின்னவள் அக்காவின் கையைப் பிடித்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் இத்தனை நாளும் வாசலில் வந்து நின்றவர்கள் முன்னால் விழுங்கிய எல்லாமும் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே வந்தது.

"போன் போகலன்னா நேர்ல வந்திருக்கலாமே. இப்ப கந்தலத் தூக்கிட்டு வர வழி தெரிஞ்சுதுல்ல? எம் புருஷன் செத்தப்ப தெரியலயா? உன் மானம் போனதும் பஸ் ஏறி வந்துட்ட. அம்மா கெடந்தப்பவும் இப்படித்தான். எல்லாம் முடிஞ்சப்புறம் கணக்குக் கேக்க வருவ."

"சின்னவளே" என்றாள் பெரியவள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவோ காலம். "வந்தா கதவ சாத்துவியேன்னு பயந்துதான்டி வரல. சரியாத்தான் பயந்திருக்கேன்."

கணவன் குறுக்கே வந்து, "உக்காருங்க அண்ணி, டீ போடறேன். ரெண்டு பேரையும் எவனோ ஒருத்தன் ஏமாத்தியிருக்கான், நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். சரியானதைக் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை. பெரியவள் காலிப் பையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "நீங்க நல்லா இருக்கீங்களே மாப்பிள்ளை, அது போதும்" என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

துணிகளைச் சின்னவள் கத்தரியால் நறுக்கி மிஷின் துடைக்க வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அதற்கும் லாயக்கில்லை, எண்ணெயை உறிஞ்சாத நைலான்.

அக்காவின் நம்பருக்கு வைத்திருந்த பிளாக்கை எடுத்துவிட்டாள். ஆனால் கூப்பிடவில்லை. அவள்தான் முதலில் பேச வேண்டும் என்று இவள் இருந்தாள். அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும். சில நாள் கழித்துப் பெரியவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. உடனே திறந்தாள். யாரோ எல்லோருக்கும் அனுப்பியதை அவளும் அனுப்பியிருந்தாள்: 'விடுமுறை கால இணைய மோசடிகளில் சிக்காமல் இருப்பது எப்படி?' அதில் ஒரு வரி, விற்பவரைத் தெரிந்திருந்தால் அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள் என்றது. குத்துவதற்கு அனுப்பினாளா, பேச்சைத் தொடங்க அனுப்பினாளா? சின்னவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினாள். அதற்கு மேல் இரண்டு பக்கமிருந்தும் எதுவும் வரவில்லை.

விடுமுறை முடிந்ததும் அந்த 'ஒரிஜினல்' பக்கம் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. யாரும் பிடிக்கவில்லை, யாரும் மூடவில்லை. வியாபாரம் முடிந்தது, போய்விட்டார்கள். எஞ்சியது அவளுடைய பக்கம் மட்டும்; திட்டுகிறவர்கள் எல்லோரும் அங்கே வந்து திட்டினார்கள். அவள் அதை மூடினாள். கடையை மூடுகிறேன் என்று அவர்கள் சொன்ன பொய், அவர்கள் போன பிறகு உண்மையாயிற்று.

சீருடை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சட்டைக்குப் பை வைக்கும் வேலை. நாள் முழுக்கப் பை, வேறொன்றும் இல்லை. காலரை வேறொருத்தி தைப்பாள், கையை இன்னொருத்தி. தைத்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று கணவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை.

அடுத்த விடுமுறைக் காலம் வந்தது. தேநீர் இடைவேளையில் பக்கத்து மிஷின்காரி போனை நீட்டி, "பாரேன், பாவம்" என்றாள். கையால் சோப்பு செய்யும் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வயலினும் இருந்தது. இத்தனை வருஷக் கடையை மூடுகிறேன், கையிருப்பு பாதி விலைக்கு என்று எழுத்துகள் ஓடின. பக்கத்து மிஷின்காரி வாங்குவதற்கு விரலை வைத்திருந்தாள்.

"வேணாம், இது போலியா இருக்கும்" என்று சின்னவள் போனைப் பிடுங்கினாள். அந்தப் பெண்ணின் நிஜப் பக்கத்தைத் தேடினாள். கொஞ்சம் கீழே கிடைத்தது, நம்பரோடு. கழிவறைப் பக்கம் ஒதுங்கிப் போய்க் கூப்பிட்டாள்.

"சோப்புக் கடைங்களா? உங்க வீடியோவ எடுத்து வேற யாரோ விக்கறாங்க. உங்க பழைய வீடியோ எதையும் விட்டு வெக்காதீங்க. அப்புறம்... உங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. பேசாம இருக்கறவங்களுக்கு முதல்ல சொல்லுங்க."

"நீங்க யாரு?"

சின்னவள் தயங்கினாள். கவுன் அக்கா என்று சொன்னால் கேள்விப்பட்டிருப்பாளோ, எப்படிக் கேள்விப்பட்டிருப்பாளோ?

"பேரு சொல்ல மாட்டீங்க, ஆனா வீடியோவ அழிக்கணும்? சீசன் நேரத்துல என் பக்கத்தைக் காலி பண்ணச் சொல்றீங்க. எந்தக் கடைக்காரி நீங்க? உங்கள மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பேன்" என்றது குரல். இணைப்பு அறுந்தது. மறுபடியும் அடித்தாள். மணி போகவில்லை.

இடைவேளை முடிந்த மணியடித்து எல்லோரும் அவரவர் மிஷினுக்குத் திரும்பியிருந்தார்கள். மேற்பார்வையாளர் அவளைப் பார்த்துக் கடிகாரத்தைக் காட்டினார். பக்கத்து மிஷின்காரி தன் போனை வாங்கிக்கொண்டு, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நம்பல."

"அப்போ நெஜமாத்தான் விக்கறாங்களோ?" என்றாள் அவள், திரையை மறுபடியும் திறந்தபடி.